மூலிகை மேதை இப்னுல் பைத்தார்

சரக்கு வாங்கி விற்கிறவனுக்கு முதலாவது தெரிய வேண்டியது சரக்கின் பெயர். பெயர் தவறினால் சரக்குத் தவறும். மளிகைச் சரக்கில் தவறினால் நஷ்டத்தோடு போகும். மருந்துச் சரக்கில் தவறினால் உயிரோடு போகும்.

நம்முடைய கடைகளையே பாருங்கள். சோம்பு என்று ஒருவர் கேட்டால் ஒரு கடையில் பெருஞ்சீரகத்தை நிறுத்துக் கொடுப்பார்கள். மற்றொரு கடையில் அதனிலும் சிறிய வேறொரு விதையைக் கொடுப்பார்கள். இரண்டும் சோம்புதான், இரண்டும் வேறு செடி. கருஞ்சீரகம் என்ற பெயரிலும் இதே குழப்பம் உண்டு. இவற்றால் பெரிய கேடு வராது. ஆனால் அன்னாசிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவைப் போலவே ஜப்பான் தேசத்தில் ஒரு மரத்தில் காய் காய்க்கிறது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அது கொடிய விஷம். பெயரையும் உருவத்தையும் மட்டும் நம்பி வாங்கினால் என்னவாகும்!

இந்தக் கஷ்டம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. மனிதன் செடிகொடிகளை மருந்தாக உண்ணத் தொடங்கிய காலந்தொட்டு வருவது. ஒரு ஊரில் ஒரு பெயர், அடுத்த ஊரில் மறு பெயர். கிரேக்கர் ஒரு பெயர் எழுதி வைத்தார்கள். அரபிகள் அதை ஒருவாறு படித்தார்கள். பர்பரிகள் வேறு பெயரால் அழைத்தார்கள். இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கென்றே தம் ஆயுளைச் செலவிட்ட ஒரு பெரியார் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே இப்னுல் பைத்தார்.

பிறப்பும் பெயரும்

அன்னாரின் முழுப்பெயர் ளியாவுத்தீன் அபூ முஹம்மது அப்துல்லாஹ் இப்னு அஹ்மது. பைத்தார் என்றால் அரபியில் கால்நடை வைத்தியர் என்று பொருள். குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் வைத்தியம் செய்தவரின் குடும்பத்தில் பிறந்தமையால் இப்னுல் பைத்தார், அதாவது கால்நடை வைத்தியரின் மகன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெரிய உலமாக்களின் வரிசையில் வைத்து எண்ணப்பட்ட பின்னும் அந்தப் பெயர் மாறவில்லை.

அவர் பிறந்தது 1197-ஆம் ஆண்டு வாக்கில். ஊர், இன்று ஸ்பெயின் தேசத்தின் தென்கரையிலுள்ள மாலகா. அக்காலத்தில் அந்நாட்டுக்கு அந்தலூஸ் என்று பெயர். மாலகா அத்திப்பழத்துக்குப் பேர்போன துறைமுகம். மலையும் கடலும் அருகருகே அமைந்த ஊர். மூலிகை பயில விரும்பும் பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

கிரேக்கக் கிதாபு குர்துபாவுக்கு வந்த வரலாறு

அந்தலூஸில் மூலிகைக் கல்வி வேரூன்றியதற்கு ஒரு முன்கதை உண்டு. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் தியோஸ்கொரிதீஸ் என்ற கிரேக்க வைத்தியர் மருந்துச் சரக்குகளைப் பற்றி ஐந்து பாகங்கள் கொண்ட ஒரு நூலை எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அது அரபிக்கு வந்தது. இஸ்திபான் இப்னு பஸீல் என்பவர் மொழிபெயர்க்க, புகழ்பெற்ற ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைச் சரிபார்த்தார். அரபியில் பெயர் தெரிந்த செடிகளுக்கு அரபிப் பெயரை எழுதினார்கள். தெரியாதவற்றைக் கிரேக்கப் பெயராலேயே அரபி எழுத்தில் எழுதி வைத்து, அறிந்தவர் பின்னால் வந்து தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமல் விட்டது அவர்களுடைய நேர்மை. ஆயினும் பெயர் புரியாத மருந்தைக் கொண்டு யாருக்கு வைத்தியம் செய்வது?

948-ஆம் ஆண்டையொட்டிக் கொன்ஸ்தாந்திநோப்பிள் பேரரசர், குர்துபாவில் ஆண்ட கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அனுப்பிய வெகுமதிகளில் அந்நூலின் கிரேக்கப் பிரதி ஒன்றும் இருந்தது. செடிகளின் படங்கள் வர்ணத்தில் தீட்டப்பட்ட அருமையான பிரதி. ஆனால் குர்துபாவில் அந்தப் பழைய கிரேக்கத்தைப் படிக்க ஆளில்லை. கலீபா கேட்டுக்கொண்டதன் பேரில் 951-இல் நிக்கோலா என்ற துறவி வந்து சேர்ந்தார். அந்தக் கிறிஸ்தவத் துறவியும், ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்ற யூத வைத்தியரும், குர்துபாவின் முஸ்லிம் வைத்தியர்களும் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு செடியோடு பொருத்திப் பார்த்தார்கள். முடிவில் பெயர் விளங்காமல் நின்றவை ஏறத்தாழப் பத்துச் சரக்குகள்தாம் என்று அவர்களுக்குப் பின்வந்த இப்னு ஜுல்ஜுல் குறித்து வைத்தார்.

இப்படி மூன்று மார்க்கத்தாரும் கூடி நட்ட மரத்தின் கனியே இப்னுல் பைத்தார்.

கடைக்கார உஸ்தாத்

அவருக்கு வாய்த்த உஸ்தாத் அபுல் அப்பாஸ் அந்நபாத்தி. இஷ்பீலியா, அதாவது இன்றைய செவில் நகரத்தவர். ஹதீஸ்கலையில் தேர்ந்த அறிஞர். அதோடு மூலிகைக் கடை வைத்து வியாபாரமும் செய்தவர். ஹதீஸைப் படிக்கிறவர் அறிவிப்பாளர் வரிசையைப் பார்ப்பார். யார் யாரிடம் கேட்டார், கேட்டவர் நம்பத்தக்கவரா, நேரில் கேட்டாரா என்று துருவுவார். அதே பழக்கத்தை அபுல் அப்பாஸ் மூலிகையிலும் கொண்டுவந்தார். இன்ன செடி இன்ன நோய்க்கு என்று சொன்னது யார், அவர் அச்செடியைக் கண்ணால் பார்த்தாரா என்பதே அவர் கேள்வி. நந்நூலாக இருந்தாலும் பாராமல் எழுதியதை அவர் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை.

இந்த உஸ்தாத் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது வழியெல்லாம் மூலிகை ஆராய்ந்துகொண்டே போனார். எகிப்தின் சுல்தான் அல்மலிக்குல் ஆதில் அவருடைய கீர்த்தியைக் கேள்வியுற்று, சம்பளம் தந்து தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பினார். தாம் வந்தது ஹஜ்ஜுக்காக, முடிந்ததும் குடும்பத்தாரிடம் திரும்பவேண்டும் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அதன்படியே ஊர் திரும்பிக் கடையில் உட்கார்ந்தார். இஷ்பீலியாவின் வெளிப்புறங்களில் இவரோடு அலைந்து செடி பறித்தே இப்னுல் பைத்தார் தொழில் கற்றார்.

மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி

1212-இல் அந்தலூஸ் முஸ்லிம்கள் ஒரு பெரும்போரில் தோற்றார்கள். அதன்பிறகு நாடு துண்டு துண்டாகக் கைமாறத் தொடங்கிற்று. 1220-ஆம் ஆண்டு வாக்கில், இருபது வயதைச் சற்றே கடந்த வாலிபராக இப்னுல் பைத்தார் கடல் கடந்து ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினார். பிறகு பிறந்த ஊரில் வாழ அவர் திரும்பவில்லை.

பிஜாயா, குஸந்தீனா, தூனிஸ், திராபுலுஸ், பர்க்கா என்று கரையோரமாகவே கிழக்கு நோக்கிச் சென்றார். சின்ன ஆசியா, கிரேக்கர் வாழ்ந்த பகுதிகள் வரையிலும் பிரயாணம் செய்தார். போன இடத்திலெல்லாம் மூலிகை தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தார். கிதாபில் படித்த செடியை அது முளைக்கும் மண்ணிலேயே நின்று பார்த்தார். அதன் பெயரை அவ்வூரார் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டார்.

அவர் குறித்து வைத்தவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே விவரிப்போம். ஆத்ரீலால் என்பது பர்பரி மொழிச் சொல். பறவையின் கால் என்று பொருள். பார்வைக்குச் சதகுப்பைச் செடியைப் போலவே இருக்கும். ஆனால் சதகுப்பையின் பூ மஞ்சள். இதன் பூ வெள்ளை. பிஜாயாவின் பக்கத்திலிருந்த ஒரு பர்பரிக் கூட்டத்தார், உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் படரும் வெண்படைக்கு இதன் விதையை மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். செடி இன்னதென்று வெளியாருக்குச் சொல்லாமல் குடும்ப ரகசியமாகவே வைத்திருந்தார்கள். காலப்போக்கில் அது வெளிப்பட்டது. விதையோடு அக்கரகாரத்தையும் சேர்த்து இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்து, படை உள்ள இடத்தை வெயிலில் காட்டி உட்கார வைப்பார்கள். அந்த இடம் கொப்புளித்துப் பின் ஆறும்போது இயற்கை நிறம் திரும்பும் என்று இப்னுல் பைத்தார் முறையையும் சேர்த்து எழுதினார். மருந்து மட்டும் போதாது, வெயிலும் வேண்டும் என்று எழுதியதைக் கவனியுங்கள். இதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

எகிப்தில் பெற்ற பதவி

1224-இல் அவர் எகிப்தில் அய்யூபி வம்சத்துச் சுல்தான் அல்மலிக்குல் காமிலின் சேவையில் அமர்ந்தார். உஸ்தாதை அழைத்த சுல்தானின் மகனே இந்தச் சுல்தான் காமில். மூலிகை விஷயத்தில் சுல்தான் அவர் சொல்லையே நம்பினார். எகிப்திலுள்ள மூலிகைக்காரர்கள் அனைவருக்கும் அவரைத் தலைவராக்கினார்.

இந்தப் பதவியின் அருமை வியாபாரிகளாகிய நமக்கு எளிதில் விளங்கும். அந்நாளில் காய்ரோவின் கடைவீதி உலகச் சரக்கெல்லாம் வந்து குவியும் இடம். மிளகும் சுக்கும் ஏலமும் கப்பலேறி, செங்கடலைக் கடந்து, ஒட்டகத்தில் கூஸ் நகரம் சென்று, நீல நதியில் படகேறிக் காய்ரோ சேர்ந்தன. காரிமி வணிகர் என்ற பெருவியாபாரிகள் அதில் ஈடுபட்டார்கள். சரக்கு மிகுந்த இடத்தில் கலப்படமும் மிகும் அல்லவா? அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஷாம் தேசத்து ஷைஸரீ என்பவர் கடைவீதி அதிகாரிகளுக்காக எழுதிய நூலில் மருந்துக் கடைகளில் நடந்த மோசடிகளைப் பட்டியலிட்டிருக்கிறார். புளியில் ஆல்பக்கோடாச் சதையைப் பிசைந்து கலப்பது, மூங்கிலுப்பில் எலும்புச் சாம்பலைச் சேர்ப்பது, கோஷ்டத்துக்குப் பதில் வேறொரு வேரைக் கொடுப்பது, அபினில் மற்றொரு செடியின் சாற்றைக் கலப்பது என்று அது நீளுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியதைப் படித்தால் சென்ற வாரம் எழுதியதைப்போல் இருக்கிறது! இத்தகைய கடைவீதியில் மெய்ச் சரக்கையும் போலிச் சரக்கையும் கண்டு சொல்லக்கூடியவர் ஒருவர் இருப்பது எத்தனை பேருடைய உயிருக்குக் காவல்!

திமிஷ்கில் ஒரு மாணவர்

1235-36-இல், அதாவது ஹிஜ்ரி 633-இல், இப்னுல் பைத்தார் திமிஷ்கு நகரத்தில் இருந்தபோது இப்னு அபீ உஸைபிஆ என்ற வைத்தியர் அவரைச் சந்தித்தார். பின்னாளில் வைத்தியர்களின் வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர் இவரே. நம் மேதையைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி இவர் கண்டு எழுதியதாகும்.

ஆசிரியரும் மாணவரும் நகருக்கு வெளியே வயல்வெளிகளிலும் மலையடிவாரங்களிலும் நடந்து செடிகளைப் பார்ப்பார்கள். அறைக்குத் திரும்பியதும் தியோஸ்கொரிதீஸ், ஜாலீனூஸ், அந்தலூஸ் அறிஞர் காபிகீ முதலியோரின் கிதாபுகளை எடுத்து வைப்பார்கள். இப்னுல் பைத்தார் முதலில் செடியின் கிரேக்கப் பெயரைச் சொல்வார். பின் தியோஸ்கொரிதீஸ் அதன் உருவத்தையும் குணத்தையும் பற்றிக் கூறியது, பின் ஜாலீனூஸ் கூறியது, பின்வந்தோர் கூறியது, அவர்களுக்குள் எங்கே கருத்து வேற்றுமை, எவர் எங்கே தவறினார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். இந்தச் சரக்கு இன்ன பாகத்தில் இத்தனையாவது என்று எண்ணையும் சொல்வார். மாணவர் கிதாபைத் திறந்து ஒத்துப் பார்த்தால் ஒன்றும் விட்டுப்போயிராது. இவ்வளவு இல்ம் இருந்தும் அவர் கர்வமற்றவர், பழக இனியவர், தாராள குணமுடையவர் என்று அம்மாணவர் பதிவு செய்திருக்கிறார்.

எழுதிய கிதாபுகள்

1238-இல் சுல்தான் காமில் காலமானார். அவர் மகன் அஸ்ஸாலிஹ் அய்யூப் அதே மரியாதையோடு இப்னுல் பைத்தாரை வைத்துக்கொண்டார். அவருடைய இரு பெரும் நூல்களும் இந்தச் சுல்தானுக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டவை.

முதலாவது அல்ஜாமிஃ. மருந்துகளும் உணவுகளுமாகிய 1,400-க்கு மேற்பட்ட தனிச் சரக்குகளை அரபி அகர வரிசையில் அடுக்கிய மாபெரும் கிதாபு. சுமார் 150 ஆசிரியர்களின் நூல்களிலிருந்து செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் சொன்னவரின் பெயரைக் குறித்திருக்கிறார். தம் சொந்த அனுபவத்தைத் தனியே பிரித்துக் காட்டியிருக்கிறார். நூலின் முகவுரையில் தம் நோக்கங்களை வகுத்துச் சொல்கிறார்: முன்னோர் கூற்றை நிறைவாகத் திரட்டுவது, தாமே பார்த்துச் சரியென்று கண்டதை ஏற்று மற்றதை ஒதுக்குவது, சொன்னதையே திரும்பச் சொல்லாதிருப்பது, தேடுவோர் எளிதில் எடுக்கும்படி வரிசைப்படுத்துவது, பிறர் செய்த தவறுகளைச் சுட்டுவது, பல மொழிப் பெயர்களையும் எழுதி, பிழையாகப் படித்துவிடாதபடி உச்சரிப்பையும் குறிப்பது. இவையே அவற்றின் சாரம்.

இரண்டாவது அல்முக்னீ. இதில் அதே மருந்துகளை உறுப்பு வாரியாக வகுத்தார். தலைநோய்க்கு இன்னவை, கண்ணுக்கு இன்னவை, காதுக்கு இன்னவை என்று இருபது அத்தியாயங்கள். முதல் நூல் மருந்து விற்பவருக்கு உதவும். இரண்டாவது வைத்தியம் செய்பவருக்கு உதவும். இவையன்றித் தியோஸ்கொரிதீஸின் நூலுக்கு ஓர் உரையும், பக்தாது வைத்தியர் இப்னு ஜஸ்லாவின் நூலிலுள்ள பிழைகளை எடுத்துக்காட்டும் ஒரு நூலும் எழுதினார்.

அல்ஜாமிஃயைப் புரட்டினால் நம் கடை அலமாரியைத் திறந்தது போலிருக்கும். புல்புல் என்று மிளகு, ஸஞ்சபீல் என்று இஞ்சி, ஹலீலஜ் என்று கடுக்காய், நார்ஜீல் என்று தேங்காய், ஸந்தல் என்று சந்தனம், தன்பூல் என்று வெற்றிலை, தமர் ஹிந்தீ, அதாவது இந்தியப் பேரீச்சை என்று புளி, எல்லாம் அதில் உண்டு. கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் சேர்ந்த திரிபலாவை அரபிகள் இத்ரீபல் என்றார்கள். நாம் அக்கரகாரம் என்று விற்கும் சரக்கோ வட ஆப்பிரிக்காவில் விளைவது. ஆகிர் கர்ஹா என்ற அரபிப் பெயரே நம் பக்கம் வந்து அப்படியாயிற்று. காபூர் என்ற கற்பூரத்தில் பன்ஸூரியே உயர்ந்தது என்பது அரபி வைத்தியர்களின் கணிப்பு. பன்ஸூர் என்பது சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் துறை. மலாய்க்காரர் காப்பூர் பாரூஸ் என்பதும் அத்துறையின் பெயரால்தான். சரக்கு பிரயாணம் செய்யும்போது பெயரும் கூடவே கப்பலேறுகிறது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. இப்னுல் பைத்தார் இந்தியாவுக்கோ இந்தப் பக்கத்துத் தீவுகளுக்கோ வந்தவரல்லர். கீழ்த்திசைச் சரக்குகளைப் பொறுத்தவரை முன்னோரின் நூல்களையே அவர் நம்பவேண்டியிருந்தது. அம்முன்னோரும் இங்கே வந்தவரல்லர். தியோஸ்கொரிதீஸ், திப்பிலியும் வெள்ளை மிளகும் கருமிளகும் ஒரே மரத்தின் காய், பருவம்தான் வேறு என்று எழுதி வைத்தார். மிளகு கொடியில் காய்க்கிறது. தோல் நீக்கியது வெள்ளை மிளகு. திப்பிலி வேறு கொடி. இது மலபார்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும். எத்தனை பெரிய அறிஞரும் கண்ணால் காணாத சரக்கில் தடுமாறுவார் என்பதற்கு இது சான்று. தாமே போய்ப் பார்ப்பதில் இப்னுல் பைத்தார் அத்தனை பிடிவாதமாக இருந்ததன் காரணமும் இதுவே.

மறைவும் அதன் பின்பும்

ஹிஜ்ரி 646 ஷஃபான் மாதம், அதாவது 1248-ஆம் ஆண்டின் இறுதியில், இப்னுல் பைத்தார் திமிஷ்கில் வபாத்தானார். ஐம்பது வயதை ஒட்டிய பிராயம். அதே 1248-இன் இறுதியில்தான் அவர் செடி பறித்துப் பழகிய இஷ்பீலியா எதிரிகளின் கைக்குப் போயிற்று. அதற்கு முன்பே, 1236-இல், குர்துபா போய்விட்டது. பத்தாண்டு கழித்து, 1258-இல், பக்தாது அழிந்தது. கிதாபுகள் ஆற்றிலும் நெருப்பிலும் போன அந்தக் காலத்துக்குச் சற்று முன்னே, 150 பேருடைய அறிவைத் திரட்டி ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போனார் அவர். அந்த 150 பேரில் பலருடைய சொற்கள் இன்று நமக்குக் கிடைப்பதில் அவருடைய கிதாபுக்குப் பெரிய பங்கு உண்டு.

அல்ஜாமிஃ 1874-இல் காய்ரோவின் பூலாக் அச்சகத்தில் அச்சாயிற்று. அதற்கு முன்பே 1840-களில் ஜெர்மன் மொழியிலும், பின்பு 1877 முதல் 1883 வரை லுக்லேர் என்ற பிரெஞ்சு வைத்தியரின் உழைப்பால் பிரெஞ்சு மொழியிலும் வந்தது.

இனி ஆத்ரீலாலுக்கு வருவோம். 1940-களில் காய்ரோவின் விஞ்ஞானிகள் இந்த விதையை எடுத்து ஆராய்ந்தார்கள். 1947-இல் அதன் சத்தைத் தனியே பிரித்தார்கள். அந்தச் சத்து தோலை வெயிலின் கதிர்களுக்கு இளகச் செய்கிறது. கதிர் பட்டதும் தோலில் நிறம் ஊறுகிறது என்பது விளங்கிற்று. எகிப்திய டாக்டர் அல்முப்தி அதை வெண்படை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். 1974-இல், அதே மருந்தைக் கொடுத்துச் சூரியனுக்குப் பதிலாக விளக்கின் ஊதாக் கதிரைப் பாய்ச்சும் முறை தோல் வைத்தியத்தில் ஏற்பட்டது. மருந்தும் ஒளியும் சேரவேண்டும் என்று பர்பரிக் கிழவர்களிடம் அறியப்பட்டு இப்னுல் பைத்தார் எழுதிய அதே விதி! ஆனால் டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் இதை யாரும் செய்துபார்க்கக் கூடாது. அளவு மீறினால் தோல் வெந்துபோகும். வேறு கேடுகளும் உண்டு. பழைய கிதாபில் உள்ளதெல்லாம் பலிக்கும் என்று எண்ணுவதும் தவறு. பழையது என்பதற்காகவே தள்ளிவிடுவதும் தவறு. சோதித்துக் கொள்வதே அவர் காட்டிய வழி.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

இப்னுல் பைத்தார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளில், ஏறத்தாழ 1260-இல், காய்ரோவில் கூஹின் அல்அத்தார் என்ற யூத மருந்து வியாபாரி தம் மகனுக்காகக் கடை நடத்தும் முறையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அல்லாஹ்வுக்கு அஞ்சி, சுத்தமான சரக்கை, அளவு குறையாமல், அறிந்து கொடுக்கவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. அரசரின் அவையிலிருந்தவர் எழுதிய கிதாபும், கடையில் நின்றவர் எழுதிய கிதாபும் ஒரே இடத்துக்கு வந்து சேருகின்றன.

நம்மில் பலருக்கு மூட்டையில் எழுதியிருப்பதே சரக்கின் பெயர். விலைப்பட்டியலே சரக்கின் குணம். வாங்குகிறவரோ நம் முகத்தைப் பார்த்து வாங்குகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கஷாயச் சரக்குக் கேட்டு வரும் தாய், நாம் கொடுப்பது மெய்ச் சரக்கா என்று சோதிக்கப் போவதில்லை. அவளுக்காக நாம்தான் சோதிக்கவேண்டும். சரக்கு எந்த ஊரில் விளைந்தது, அவ்வூரில் அதற்கு என்ன பெயர், அதைப்போல் தோன்றும் போலி எது என்ற மூன்றையும் அறிந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும், அமானிதம் காப்பாற்றப்படும்.

கால்நடை வைத்தியரின் மகன் ஒரு செடியின் மெய்ப்பெயர் அறிவதற்காக ஒரு கண்டத்தைக் கடந்து போனார். நாம் மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்க்கவாவது வேண்டாமா?